சேஃப் மோடுக்குள் போவது சுலபம்... திரும்பி வரும் வழி தெரியுமா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய அப்டேட் ஃபைலை அனுப்பியது. அந்த ஃபைலில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில், அதாவது 10.57 மணிக்கு, அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையைக் காட்டி முடங்கின. விமானங்கள் ரத்தாகின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? கணினியை ‘சேஃப் மோடு’ எனப்படும் பாதுகாப்பு நிலையில் ஆன் செய்து, ‘சி-00000291’ என்று தொடங்கும் ஒரு ஃபைலை டெலிட் செய்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அவ்வளவுதான். ஒரு கணினிக்கு சில நிமிட வேலை.

அப்படியிருந்தும் பல நிறுவனங்களுக்கு நாள்கணக்கில் இழுத்தது ஏன்? முடங்கிய கணினிக்குள் இணையம் வழியாகப் போக முடியாது. ஒவ்வொன்றின் முன்பும் ஓர் ஆள் உட்கார வேண்டும். உட்கார்ந்தவருக்கு சேஃப் மோடுக்குள் எப்படிப் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும், டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இருக்க வேண்டும். பல இடங்களில் வேலை நின்றது இந்தச் சாவியால்தான்.

பெரிய நிறுவனங்களுக்கு வந்த அதே சிக்கல் வீட்டுக் கணினிக்கும் வரும். அப்டேட், ஆன்டிவைரஸ், புது கிராஃபிக்ஸ் டிரைவர் என்று ஏதோ ஒன்று சொதப்புகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு ஓர் இடத்தில் டிக் போடுகிறோம். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. நான்கு மூலைகளிலும் ‘சேஃப் மோடு’ என்ற எழுத்து. மறுபடி ரீஸ்டார்ட் செய்தாலும் அதே திரை. “எத்தனை தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் இதுலயே நிக்குது” என்ற புலம்பல் தொடங்குவது இங்கேதான். கணினி கெட்டுப்போகவில்லை; சொன்னதைத்தான் செய்கிறது. எங்கே என்ன சொன்னோம், அதை எப்படி மாற்றிச் சொல்வது என்பதைப் பார்ப்போம்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். அது கீபோர்டு, டிஸ்க், மெமரி எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற சிறிய புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

அந்த பூட் மேனேஜர் உடனே ஒரு குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும். அதன் பெயர் ‘பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா’, சுருக்கமாக பிசிடி. விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, மெனுவை எத்தனை விநாடி காட்ட வேண்டும், எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை ‘பூட்.ஐஎன்ஐ’ என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் இந்த வேலையைச் செய்தது. விஸ்டா பதிப்பிலிருந்து பிசிடி வந்தது.

அந்தக் குறிப்பேட்டில் ‘சேஃப்பூட்’ என்று ஒரு வரி இருந்தால், விண்டோஸ் தன் முழுப் படையோடு வராது. எந்தெந்த டிரைவர்களையும் சர்வீஸ்களையும் சேஃப் மோடில் அனுமதிக்கலாம் என்று ரெஜிஸ்ட்ரியில் தனியாக ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் உள்ளவை மட்டும் உள்ளே வரும். மற்றவை வாசலிலேயே நிற்கும். 2024-ல் பிழையான ஃபைலைப் படித்துக் கவிழ்ந்த அந்தப் பாதுகாப்பு மென்பொருளும் அப்படி வெளியே நின்றதால்தான், ஃபைலை டெலிட் செய்யும் அளவுக்குக் கணினி உயிரோடு இருந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த வரி எழுதப்படும் இடம். அது டெஸ்க்டாப்பில் இல்லை. உங்கள் யூசர் கணக்கிலும் இல்லை. விண்டோஸ் திறக்கும் முன்பே படிக்கப்படும் குறிப்பேட்டில் இருக்கிறது. அதனால்தான் வெறும் ரீஸ்டார்ட்டால் அது அழிவதில்லை.

ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்

சேஃப் மோடுக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

முதல் வழி, ஒருமுறைக்கு மட்டும். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் பவர் ஐகானிலும் இதைச் செய்யலாம், பாஸ்வேர்டு தேவையில்லை. நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போய் ‘ரீஸ்டார்ட்’ அழுத்தினால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 4-ஐ அழுத்தினால் சாதாரண சேஃப் மோடு. 5 என்றால் இணைய வசதியுடன். 6 என்றால் டெஸ்க்டாப் இல்லாமல் கமாண்ட் பிராம்ப்ட் மட்டும். வேலை முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் கணினி தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

இரண்டாவது வழி, நீங்கள் மாற்றும் வரைக்கும். விண்டோஸ் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்தி, வரும் சிறிய பெட்டியில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறக்கும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கும் பழைய கருவி இது. இதில் ‘பூட்’ டேபில் ‘சேஃப் பூட்’ என்பதற்கு டிக் போட்டால், பிசிடியில் மேலே சொன்ன வரி ஏறிவிடும். அடுத்த முறை மட்டுமல்ல, டிக்கை எடுக்கும் வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுதான்.

முன்பெல்லாம் எஃப்8 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதுமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 2012-ல் வந்த விண்டோஸ் 8 மிக வேகமாகத் திறந்ததால், எஃப்8 அழுத்தக் கிடைத்த அவகாசம் 200 மில்லி விநாடிக்கும் குறைந்துவிட்டது என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் யார் அழுத்துவது? எனவே அந்த வழியை வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய வழி மூடியதும் பலர் எம்எஸ்கான்ஃபிக் பக்கம் திரும்பினார்கள். சிக்கிக்கொள்வதும் அங்கேதான்.

இரண்டில் எது நல்லது? வீட்டுக் கணினிக்கு எப்போதும் முதல் வழிதான். பலமுறை ரீஸ்டார்ட் செய்து சோதிக்க வேண்டிய டெக்னீஷியனுக்கு இரண்டாவது வழி உதவும். அவருக்குத் திரும்பி வரவும் தெரியும்.

மாட்டிக்கொண்டால் வெளியே வருவது எப்படி?

சேஃப் மோடில் லாகின் செய்து டெஸ்க்டாப் வரை போக முடிகிறதா? அப்படியென்றால் கவலையே இல்லை. அதே எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பூட் டேபில் ‘சேஃப் பூட்’ டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். முடிந்தது.

சிக்கல் பெரிதாவது லாகினே ஆக முடியாதபோது. தினமும் நான்கு இலக்க பின் நம்பரையோ கைரேகையையோ வைத்தே திறந்து பழகியவருக்கு சேஃப் மோடில் “உங்கள் பின் இப்போது இல்லை” என்ற ரீதியில் ஒரு செய்தி வந்து நிற்கலாம். விண்டோஸ் 10-ன் பழைய பதிப்புகளில் சேஃப் மோடில் பின் வேலையே செய்யாது. 2020-ல் வந்த 2004 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. அதற்குப் பிறகும் அது எல்லா நேரமும் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பாஸ்வேர்டு கேட்கும், அதை எப்போதோ ஒருமுறை போட்டது, நினைவில் இருக்காது. உள்ளே போனால்தான் டிக்கை எடுக்கலாம், டிக்கை எடுத்தால்தான் உள்ளே போகலாம் என்ற நிலை.

இதற்கும் வழி உண்டு. அந்த வரி இருப்பது பிசிடியில்தானே, டெஸ்க்டாப்பில் இல்லையே! எனவே விண்டோஸுக்குள் போகாமலேயே அதை அழிக்கலாம்.

1. லாகின் திரையில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். லாகின் திரைகூட வரவில்லை என்றால், விண்டோஸ் லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். தொடர்ந்து இரண்டு, மூன்று முறை இப்படி ஆனதும் கணினி தானாகவே ரெகவரி திரைக்குப் போகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

2. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் ‘கமாண்ட் பிராம்ப்ட்’டைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் ரெகவரி கீ கேட்கலாம்.

3. கறுப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் இந்தக் கட்டளையை டைப் செய்யுங்கள்: முதலில் ‘பிசிடிஎடிட்’, ஓர் இடைவெளி, முன்சாய்வுக் கோடு, அதை ஒட்டியே ‘டெலிட்வேல்யூ’, ஓர் இடைவெளி, நெளிவு அடைப்புக்குறிக்குள் ‘டிஃபால்ட்’, ஓர் இடைவெளி, கடைசியில் ‘சேஃப்பூட்’. பிறகு என்டர்.

4. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்ற பொருளில் ஒரு வரி வரும். பெட்டியை மூடிவிட்டு ‘கன்டினியூ’ கொடுத்தால் விண்டோஸ் வழக்கம்போல் திறக்கும்.

இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகளில் ‘டிஃபால்ட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கரன்ட்’ என்று போட்டிருப்பார்கள். விண்டோஸுக்குள் இருந்தபடி டைப் செய்தால் அது சரி. ஆனால் ரெகவரி திரையில் ‘கரன்ட்’ என்றால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரெகவரி சூழலைத்தான் குறிக்கும். உங்கள் விண்டோஸை அல்ல. அதனால்தான் “கமாண்ட் போட்டேன், ஒண்ணும் நடக்கல” என்று பலர் கைவிடுகிறார்கள். குழப்பமாக இருந்தால் ‘பிசிடிஎடிட்’ என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். குறிப்பேடு முழுதாகத் திரையில் விரியும். அதில் ‘சேஃப்பூட்’ என்ற வரி எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வைக்கலாம்.

சேஃப் மோடு என்ன சொல்கிறது?

சேஃப் மோடு மருந்து அல்ல, பரிசோதனை. அதில் கணினி ஒழுங்காக ஓடுகிறது, வழக்கமான நிலையில் மட்டும்தான் சொதப்புகிறது என்றால், விண்டோஸின் அடிப்படை நன்றாக இருக்கிறது. பின்னால் சேர்ந்த டிரைவரோ மென்பொருளோதான் காரணம் என்று சந்தேகிக்கலாம். சேஃப் மோடிலும் அதே நீலத் திரை என்றால் டிஸ்க், மெமரி, விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பக்கம் தேட வேண்டும்.

அங்கே செய்யக்கூடிய நல்ல வேலை, டிவைஸ் மேனேஜரில் சமீபத்தில் மாறிய டிரைவரைத் தேடி ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுப்பது. செய்ய முடியாத வேலைகளும் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ் சேஃப் மோடில் இயல்பாக இயங்காது. எனவே சில மென்பொருள்களை அங்கிருந்து அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. “சேஃப் மோடுலகூட போக மாட்டேங்குதே” என்று பயப்பட வேண்டாம். அதன் இயல்பே அதுதான்.

‘செலக்டிவ்’ என்று காட்டினால் கோளாறா?

எம்எஸ்கான்ஃபிக்கின் முதல் டேபில் மூன்று தேர்வுகள் இருக்கும். ‘நார்மல்’ என்றால் எல்லாம் இயங்கும். ‘டயக்னாஸ்டிக்’ என்றால் அடிப்படையானவை மட்டும். ‘செலக்டிவ்’ என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்தவை.

நார்மல் என்று மாற்றி வைத்தாலும் மறுபடி செலக்டிவ் ஆகிவிடுகிறது என்பது பலரின் சந்தேகம். பெரும்பாலும் இது கோளாறே இல்லை. ஏதாவது ஒரு சர்வீஸை நீங்கள் டிக் எடுத்து நிறுத்தியிருந்தாலோ, பூட் டேபில் எதையாவது மாற்றியிருந்தாலோ, அது தானாகவே செலக்டிவ் என்று காட்டும். “முழுசா எல்லாம் ஓடல, கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கு” என்பதுதான் அதன் பொருள். நார்மலை அழுத்தினால், வேண்டாம் என்று நிறுத்தி வைத்தவையும் திரும்பத் தொடங்கிவிடும். எதையும் நிறுத்தியதாக நினைவே இல்லாதபோது செலக்டிவ் என்று காட்டினால்தான், சர்வீசஸ் டேபைத் திறந்து எதற்கு டிக் இல்லை என்று பார்க்க வேண்டும்.

செலக்டிவ் நிலையின் உண்மையான பயன், ‘கிளீன் பூட்’ எனப்படும் சோதனை. வீட்டில் அடிக்கடி டிரிப் ஆனால் எலெக்ட்ரீஷியன் என்ன செய்வார்? எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். இதுவும் அதேதான். சர்வீசஸ் டேபில் முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ என்பதற்கு டிக் போட வேண்டும். பிறகு மீதி இருப்பவற்றை ‘டிசேபிள் ஆல்’ கொடுத்து நிறுத்த வேண்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் இருக்கும் செயலிகளையும் நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட்.

இப்போது பிரச்சினை காணாமல் போனால், நிறுத்தியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை. 16 சர்வீஸ்கள் இருந்தால் முதலில் 8-ஐ மட்டும் இயக்குங்கள். பிரச்சினை வந்தால் அந்த 8-ல் இருக்கிறது. வராவிட்டால் மற்ற 8-ல். அடுத்து 4, பிறகு 2, பிறகு 1. நான்கே ரீஸ்டார்ட்டில் ஆளைப் பிடித்துவிடலாம்.

இதில் தவறவே கூடாத படி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்காமல் ‘டிசேபிள் ஆல்’ கொடுத்தால், லாகினுக்கும் நெட்வொர்க்குக்கும் தேவையான சர்வீஸ்களும் சேர்ந்து நின்றுவிடும். இந்தக் கருவியைத் தவறாகப் பயன்படுத்தினால் கணினியே பயன்படாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டும் எச்சரிக்கிறது.

இன்னொன்று: சோதனையின்போது ‘ஷட்டவுன்’ அல்ல, ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து இருக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி, ஷட்டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

‘கம்ப்யூட்டர் பறக்கும்’ என்ற வதந்திகள்

வீடியோக்களைப் பார்த்து எம்எஸ்கான்ஃபிக்கைத் திறப்பவர்கள் அதிகம். அவற்றில் தவறாமல் வரும் அறிவுரை: “பூட் டேபில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போங்க, ‘நம்பர் ஆஃப் புராசசர்ஸ்’ல டிக் போட்டு அதிகபட்சம் வைங்க, கம்ப்யூட்டர் பறக்கும்!”

பறக்காது. டிக் போடாத நிலையிலேயே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்துகிறது. அந்த டிக், எண்ணிக்கையைக் குறைத்துச் சோதிக்க விரும்பும் டெவலப்பர்களுக்கானது. அதிகபட்சம் வைத்தால் எந்த மாற்றமும் இருக்காது. கைதவறி 1 அல்லது 2 வைத்துவிட்டால் கணினி நத்தை ஆகிவிடும்.

பக்கத்தில் இருக்கும் ‘மேக்ஸிமம் மெமரி’யும் அதே கதை. 16 ஜிபி ரேம் போட்டும் பாதிதான் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறதா? புது ரேமைக் குறை சொல்லும் முன், இங்கே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதே டேபில் ‘மேக் ஆல் பூட் செட்டிங்ஸ் பெர்மனென்ட்’ என்று ஒரு வரியும் உண்டு. அதற்கு டிக் போட்டுவிட்டால், பின்னால் ‘நார்மல்’ தேர்வை அழுத்தி மாற்றங்களைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொன்றையும் கையால்தான் மாற்ற வேண்டும். வீட்டுக் கணினியில் இதற்கு எந்தத் தேவையும் இல்லை.

தானாக சேஃப் மோடுக்குப் போனால்?

நீங்களோ வீட்டில் வேறு யாருமோ தொடவில்லை. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி சேஃப் மோடில் நிற்கிறது என்றால் உஷாராக வேண்டும். சேஃப் மோடில் பெரும்பாலான ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் முழுமையாக இயங்காது. அதையே வாய்ப்பாக்கிக்கொண்ட கும்பல்கள் உண்டு. ‘ஸ்னாட்ச்’ என்ற ரான்சம்வேர் கணினியை சேஃப் மோடில் ரீஸ்டார்ட் செய்யவைத்து, காவல் இல்லாத நேரத்தில் ஃபைல்களைப் பூட்டுவதை 2019-ல் சோஃபோஸ் நிறுவனம் அம்பலப்படுத்தியது. 2021-ல் ‘ரெவில்’ கும்பலின் ரான்சம்வேரிலும் இதே உத்தி காணப்பட்டது.

ஃபைல்களின் பெயர் மாறியிருந்தாலோ, பணம் கேட்டுக் குறிப்பு தெரிந்தாலோ, முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளையும் பேக்கப் டிஸ்க்கையும் பிரித்து வையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930.

வழியே மூடிக்கொண்ட ஒரு வாரம்

ரெகவரி திரை இருக்கிறதே என்று அதை மட்டுமே நம்பியிருக்கலாமா? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த பாதுகாப்பு அப்டேட்டில் ஒரு பிழை இருந்தது. விண்டோஸுக்குள் எல்லாம் நன்றாக வேலை செய்தது. ஆனால் ரெகவரி திரைக்குப் போனால் மட்டும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் உயிரில்லாமல் கிடந்தன. ‘டிரபிள்ஷூட்’ என்ற வார்த்தை கண்முன் தெரியும், அழுத்த முடியாது. அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் தனி அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு, டச் ஸ்கிரீன், பழைய பிஎஸ்/2 கீபோர்டு, முன்பே தயாரித்து வைத்த ரெகவரி பென்டிரைவ் ஆகியவைதான் மாற்று வழிகளாகச் சொல்லப்பட்டன.

2024 சம்பவத்துக்குப் பிறகு ‘குயிக் மெஷின் ரெகவரி’ என்ற வசதியையும் விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் சேர்த்திருக்கிறது. பரவலாகக் கணினிகள் திறக்காமல் போனால், ரெகவரி சூழலே இணையத்தில் இணைந்து தீர்வைத் தேடும். நல்ல விஷயம்தான். ஆனால் அது ஊருக்கெல்லாம் வரும் கோளாறுக்கான ஏற்பாடு. உங்கள் கணினியில் நீங்களே போட்ட டிக்கை அது எடுக்காது.

டிக் போடும் முன் ஐந்து விஷயங்கள்

ஸ்டார்ட்அப் அமைப்பில் எதைத் தொடுவதாக இருந்தாலும், முதலில் திரும்பி வரும் வழியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பாஸ்வேர்டு: ஒருமுறை சைன்அவுட் செய்து, பின் நம்பருக்குப் பதில் முழு பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்கும் இடமே தெரியவில்லை என்றால், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ வழியாக மட்டும் அனுமதிக்கும் தேர்வை ஆஃப் செய்யுங்கள்.

2. ரெகவரி கீ: “நான் பிட்லாக்கர் எல்லாம் போடவே இல்லையே” என்று இருந்துவிடாதீர்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து, இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் எழுதி வைப்பது இன்னும் நல்லது. அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவிடம் கேட்க வேண்டும்.

3. ஃபோட்டோ: எம்எஸ்கான்ஃபிக்கில் எதையும் மாற்றும் முன், ஒவ்வொரு டேபையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எப்படி இருந்தது என்ற சந்தேகமே வராது.

4. ரெகவரி பென்டிரைவ்: ஸ்டார்ட் மெனுவில் ‘ரெகவரி டிரைவ்’ என்று தேடினால் அதைத் தயாரிக்கும் கருவி வரும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே காலியானதைப் பயன்படுத்துங்கள். கணினி நன்றாக ஓடும்போதே செய்து வைக்க வேண்டிய வேலை இது.

5. ஒருமுறை வழி: சேஃப் மோடு தேவைப்பட்டால் ஷிஃப்ட்டும் ரீஸ்டார்ட்டும் போதும். எம்எஸ்கான்ஃபிக் டிக் கடைசித் தேர்வாகவே இருக்கட்டும்.

ஐந்தில் இன்றே செய்ய வேண்டியது எது என்று கேட்டால், இரண்டாவது. மற்றவற்றை மாட்டிக்கொண்ட பிறகும் எப்படியாவது சமாளிக்கலாம். ரெகவரி கீ தொலைந்தால், அந்த டிஸ்க்கில் இருக்கும் குடும்பப் படங்களையும் கணக்கு வழக்குகளையும் மைக்ரோசாஃப்டாலும் திறந்து கொடுக்க முடியாது.